மோவாய்ப் பச்சை இல்லாமல் விழுப்புரம் போனேன்

சென்னை விமான நிலையத்தில் அதிகாரி என் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் பாஸ்போர்ட்டைப் பார்த்தார். அங்க அடையாளம் என்ற இடத்தில் 'மோவாயில் பச்சை குத்திய புள்ளி' என்று எழுதியிருந்தது. என் மோவாயில் புள்ளி இல்லை.

"பச்சை எங்கம்மா?" என்றார்.

"எடுத்துட்டேங்க."

"எடுத்துட்டீங்களா? அது இன்னா மூக்குத்தியா, கழட்டி வைக்கிறதுக்கு?"

எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மோவாயைத் தூக்கி, புள்ளி இருந்த இடத்தில் வெள்ளையாக நிற்கும் தையல் கோட்டைக் காட்டினேன். அவர் இன்னொரு அதிகாரியைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் மாம்பழத்தில் வண்டு துளைத்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல் குனிந்து பார்த்தார்கள். கடைசியில் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டு, முதல் அதிகாரி ஒன்று சொன்னார்: "போட்டோவுல நல்லாத்தானேம்மா இருந்தீங்க." ஒன்பது வருஷம் கழித்து ஊருக்கு வருகிறவளுக்குக் கிடைத்த முதல் வாழ்த்து இது.

நான் சிங்கப்பூரில் முக அழகு ஆபரேஷன் செய்யும் ஒரு டாக்டரிடம் ஆயாவாக இருக்கிறேன். தரை துடைப்பேன், பஞ்சு நறுக்குவேன், மயக்கம் தெளிந்து எழுகிறவர்களுக்கு டீ கொடுப்பேன். வருகிறவர்களில் பாதிப் பேர் சீனப் பெண்கள். கண் இமையில் மடிப்பு இல்லை என்பது அவர்களுக்குப் பெருங்குறை. எங்கள் திண்டிவனத்தில் எல்லார் முகத்திலும் சும்மா கிடக்கிற மடிப்பு. அதற்காக இவர்கள் இமையில் தையல் போட்டுக்கொண்டு ஒரு வாரம் கண் வீங்கிக் கிடப்பார்கள். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன்.

ஒருநாள் காத்திருந்த இரண்டு பெண்கள் என்னைப் பார்த்துச் சீனத்தில் பேசிச் சிரித்தார்கள். கூட வேலை செய்யும் சீனப் பெண்ணிடம் என்ன பேச்சு என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். "அந்த இந்தியக்காரியின் மோவாயில் அழுக்கு ஒட்டியிருக்கிறது, யாரும் அவளிடம் சொல்ல மாட்டார்களா?" என்று பேசினார்களாம். அந்த மாதமே டாக்டரைக் கேட்டுக்கொண்டேன், அரை மணி நேரத்தில் பச்சையை வெட்டி எடுத்துத் தைத்துவிட்டார்.

அந்தப் பச்சை திண்டிவனம் சந்தையில் குத்தியது. அப்போது எனக்கு ஏழு வயது, அக்கா கஸ்தூரிக்கு ஒன்பது. செத்தால் நகையைக் கழட்டிக்கொள்வார்கள், கூட வருவது பச்சை ஒன்றுதான் என்று அம்மா சொன்னாள். ஒரே குறத்தி, ஒரே ஊசி. அக்கா அசையாமல் உட்கார்ந்தாள், மோவாய் நடுவில் மிளகு வைத்ததுபோல் அவளுக்குப் புள்ளி விழுந்தது. நான் திமிறினேன், எனக்கு ஓரமாக இழுபட்டுப் போனது. எங்கள் தெருவில் அம்மை வடு இல்லாமல் தப்பித்த முகம் என்றாலே அழகி என்பார்கள். அக்காவுக்கு வடுவும் இல்லை, பச்சையும் கச்சிதம், முடி முழங்கால்வரை. என் பொறாமைக்கு அன்றிலிருந்து கணக்கு வைத்தால் முப்பது வயதுக்குக் குறையாது.

அந்தப் பொறாமையில் பெரிய பங்கு என் மகள் மலருக்கு. மூன்று வயதில் அவளை விழுப்புரத்தில் அக்காவிடம் விட்டுவிட்டு என் வீட்டுக்காரர் பின்னால் சிங்கப்பூர் போனேன். ஒரே அறையில் இரண்டு குடும்பம் இருந்தோம், ஒரு வருஷத்தில் கூட்டிக்கொள்ளலாம் என்றுதான் போனது. இதோ அதோ என்று ஒன்பது வருஷம். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. மலர் அவளை 'அம்மா', அவள் வீட்டுக்காரரை 'அப்பா' என்று கூப்பிடுவதும் என்னைச் 'சிங்கப்பூர் அம்மா' என்று சொல்வதும் கடிதங்களில் தெரிந்தது. இந்தப் பயணமே அவளைக் கூட்டிக்கொண்டு போகத்தான். வருவாளா என்பதுதான் தெரியவில்லை.

முதல் நாள் விழுப்புரம் பஸ், அச்சிறுபாக்கம் தாண்டி டயர் வெடித்து நின்றது. எல்லாரும் இறங்கிப் புளியமரத்தடியில் நின்றோம். டிரைவர் ஜாக்கியைத் தேட, கண்டக்டர் ஸ்பேர் டயரைத் தட்டிப் பார்த்து, அதிலும் காற்று இல்லை என்றார். சிங்கப்பூரில் பஸ் இரண்டு நிமிஷம் தாமதமானால் முகம் சுளிப்பார்கள். இங்கே பயணிகள் துண்டை விரித்துப் படுத்துவிட்டார்கள். என் பக்கத்தில் நின்ற அம்மாள், "ஃபாரின்லேருந்து வர்றியாம்மா? மூஞ்சி பளபளன்னு கீது" என்றாள். ஒன்றரை மணி நேரத் தாமதமும் எனக்கு இனித்தது.

திண்டிவனத்தில் பஸ் நின்றதும் ஜன்னல் வழியே வெள்ளரிப் பிஞ்சும் அவித்த மல்லாட்டையும் உள்ளே வந்தன. மல்லாட்டை வாங்கி, கடலையை உரித்துக்கொண்டே, விழுப்புரத்தில் அக்கா என்னைப் பார்க்கும் காட்சியை நினைத்துப் பார்த்தேன். நான் பூப்போட்ட நைலக்ஸ் புடவையில் இறங்குகிறேன், என் மோவாய் வழவழவென்று இருக்கிறது, அவள் தன் மோவாயை மெல்லத் தடவிக்கொள்கிறாள். ஒரே ஒரு தடவை அவள் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டும். அதற்குமேல் எனக்கு ஒன்றும் வேண்டாம். கைப்பையிலிருந்து பவுடரை எடுத்து இன்னொரு பூச்சுப் பூசிக்கொண்டேன்.

விழுப்புரம் பஸ் நிலையத்தில் அக்கா முந்தானையால் தலையை மூடிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் அவள் உயரத்துக்கு ஒரு பெண். என் மகள். இறங்கியதும் அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுததில் முந்தானை நழுவியது. தலை மொட்டை. ஒரு அங்குலத்துக்கு முள்ளு முள்ளாக முடி முளைத்திருந்தது.

"இன்னாக்கா இது?"

"நீ பொழைச்சி வந்துட்டியேடி, அது போதும்" என்று என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

எனக்கு உடனே விளங்கியது. ஆபரேஷன் முடிந்ததும் நான் ஒரு கடிதம் போட்டிருந்தேன். அழகுக்காக வெட்டிக்கொண்டேன் என்று எழுத வெட்கம். 'முகத்தில் சின்னதாக ஆபரேஷன். பயப்பட வேண்டாம். எல்லாவற்றையும் எடுத்தாகிவிட்டது' என்று எழுதினேன். அக்கா இருக்கும் ரயில்வே குவார்ட்டர்ஸ் வரிசையில் புகையிலை போடும் ஒருவருக்குக் கன்னத்தில் புற்று வந்து, ஆபரேஷன் செய்தும் அவர் போய்ச் சேர்ந்திருந்தார். எனக்கும் அதுதான் என்று முடிவு கட்டி, திருவக்கரைக் காளி கோயிலுக்குப் போய் அக்கா முடி கொடுத்துவிட்டாள்.

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. அதைவிடக் கேவலம், அந்த மொட்டைத் தலையிலும் அவள்தான் அழகாக இருந்தாள். முடி போனதில் நெற்றியும் கண்ணும் பெரிதாகி, மோவாய்ப் பச்சை எடுப்பாகத் தெரிந்தது. இத்தனை வருஷமாக முகம் திருத்தும் இடத்தில் இருக்கிறேன், இப்படி ஒரு முகம் அங்கே படுத்து எழுந்து போனதில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

இரண்டாம் நாள் என்னை நோயாளி ஆக்கினார்கள். மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், விழுப்புரம் ஜங்ஷனில் ரயிலுக்குத் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். ட்யூட்டி முடிந்து வரும்போது நெத்திலிக் கருவாடு வாங்கி வந்தார். கத்தரிக்காய் போட்டுக் குழம்பு கொதிக்கிற வாசனையில் எனக்குக் கண்ணீரே வந்தது. ஒன்பது வருஷமாக அங்கே நான் வைத்த எந்தக் குழம்புக்கும் இந்த வாசனை வரவில்லை. இலை போட்டார்கள். எல்லார் இலையிலும் குழம்பு விழுந்தது. என் முன்னால் ஒரு சொம்பில் கேப்பைக் கூழ் வந்தது.

"எனக்குக் கொழம்பு?"

"கருவாடு புண்ணுக்கு ஆவாதுடி. உள்ளாற ஆறணும்" என்றாள் அக்கா.

"அதெல்லாம் ஆறிப்போச்சுக்கா."

"நீ இன்னா கண்டே? வாயக் கட்டு."

மோரும் சின்ன வெங்காயமும் போட்ட கூழ் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எதிரில் மலர் நெத்திலியை முள்ளோடு கடித்துத் தின்கிறாள். நான் பொய் சொன்னதற்கு அந்த நிமிஷமே கூலி கிடைத்துவிட்டது.

சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பட்டம்மாள் என்னைப் பார்க்க ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். என் மோவாயை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "ஒண்ணுமே தெரியலியே. எல்லாம் உங்க அக்கா குடுத்த முடிங்க. அதுதான் உங்களக் காப்பாத்திச்சு" என்றார். டாக்டருக்குப் பேர் இல்லை, எனக்கும் பேர் இல்லை. என் முகத்தில் நடந்த ஆபரேஷனுக்கும் அக்காவுக்கே புகழ். அன்றைக்கு மட்டும் நாலு பேர் வந்து என்னை விசாரித்துவிட்டு அக்காவைக் கும்பிட்டுப் போனார்கள்.

மூன்றாம் நாள் மலரை என் பக்கம் இழுக்கப் பார்த்தேன். பெட்டியைத் திறந்து ரேடியோவும் டேப்பும் சேர்ந்த செட், சென்ட், நெயில் பாலீஷ் எல்லாம் பரப்பினேன். ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்து, "நல்லா இருக்குதுங்க" என்று இருந்த இடத்திலேயே வைத்தாள். 'ங்க' போட்டுப் பேசினாள். அக்காவிடம் மட்டும் "ம்மா, இத்தப் பாரேன்" என்று ஒருமை. மத்தியானம் அக்கா கீழே உட்கார, மலர் தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி அந்த முள்முடியில் தேய்த்துவிட்டாள். இரண்டு பேரும் எதற்கோ சிரித்தார்கள். இரண்டு சிரிப்பும் ஒன்று போலவே இருந்தது. நான் பெற்ற பிள்ளை அவள் சிரிப்பைச் சிரிக்கிறது.

"என்னோட சிங்கப்பூருக்கு வர்றியா கண்ணு?" என்று கேட்டேன்.

மலர் அக்காவைப் பார்த்தாள். "அம்மா போவச் சொன்னா போறேங்க."

அக்கா எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அன்றைக்கே இன்னொரு தலைவலியும் வந்தது. பட்டம்மாளின் மகள் காலேஜில் படிக்கிறாள். புருவத்தை நூல் போட்டுத் திருத்தியிருந்தாள். விழுப்புரத்தில் அதற்கென்று ஓர் அம்மாள் வீட்டின் பின்கட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாராம். என்னைக் கிணற்றடியில் பிடித்து, "ஆன்ட்டி, இது பிளாஸ்டிக் சர்ஜரிதானே? பத்திரிகைல படிச்சிருக்கேன். பச்சைய எடுத்துட்டீங்க. கரெக்டா?" என்றாள். நான் தலையை ஆட்டினேனா என்று எனக்கே தெரியாது. "நல்ல வேலை பண்ணீங்க. பச்சைன்னாலே பட்டிக்காடு. என் மூக்கக் கொஞ்சம் சின்னதாக்க முடியுமா ஆன்ட்டி?" நல்ல மூக்கு. எங்கள் காலத்தில் அந்த மூக்குக்கு எட்டுக்கல் பேசரி மூக்குத்தி போட்டு ஊரைக் கூட்டியிருப்பார்கள். "நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வேறு சொல்லிவிட்டுப் போனாள். அப்படிச் சொல்கிறவர்கள் எத்தனை நாள் தாங்குவார்கள் என்பது எனக்குத் தெரியும்.

நான்காம் நாள் பௌர்ணமி. அக்காவின் வேண்டுதலில் இன்னொரு பாதி பாக்கியிருந்தது. வெள்ளித் தகட்டில் கண், மூக்கு, வாயோடு அடித்த முக உரு ஒன்றை என் கையால் வக்கிரகாளியம்மனுக்குச் செலுத்த வேண்டும். திண்டிவனம் போய் அங்கிருந்து டவுன் பஸ். எள் போட்டால் எள் விழாத கூட்டம். நான் படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒற்றைக் காலில் நின்றேன். "ஜல்தி உள்ள போம்மா, இன்னா பேஜாரு புடிச்ச கூட்டம்" என்று கண்டக்டர் முதுகில் கை வைத்துத் தள்ளினார். அக்காவின் மொட்டையைப் பார்த்து ஒருவர் எழுந்து அவளுக்கு இடம் கொடுத்தார். அதிலும் அவளுக்குத்தான்.

திருவக்கரையில் கோயிலுக்குள் நுழையும் முன் வெயில் தணியட்டும் என்று வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தோம். கல்லாய்ப் போன மரங்கள் அந்தப் பக்கம் கிடக்கின்றன என்று மாமா மலரைக் கூட்டிக்கொண்டு போனார். அக்கா மடியிலிருந்து உருவை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். குட்டி முகம். பொய்யை வைத்துக்கொண்டு அதை உண்டியலில் போட எனக்குத் தைரியமில்லை.

"அக்கா, எனக்குப் புத்துமில்ல, ஒரு எழவுமில்ல. பச்சையத்தான் எடுத்தேன். அழகா இருக்கட்டும்னு."

அக்கா என் மோவாயைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"வலிச்சுதா?"

"மரத்துப் போவ ஊசி போட்டாங்க."

"குத்தும்போது போட்டிருந்தா நீ அப்பிடித் திமிறியிருக்க மாட்டே" என்று சிரித்தாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "உன் முடி வீணாப் போச்சேக்கா. நான் எழுதின லெட்டரால."

"வீணாப் போவல" என்றாள். என்னைப் பார்க்காமல் கோயில் கோபுரத்தைப் பார்த்தபடியே பேசினாள். "லெட்டர உங்க மாமா படிச்சாரு. நான் அரிசி களைஞ்சிகினு இருந்தேன். கேட்டதும் மொதல்ல எனக்கு அழுக வரலடி. நீ போய்ச் சேந்துட்டா மலரு என்கிட்டயே இருந்துடும்னு தோணுச்சு. ஒரு நிமிஷந்தான். கையில அரிசி அப்பிடியே நிக்குது. அந்த நிமிஷத்துக்குத்தான் மொட்ட அடிச்சிகினேன். உன் வியாதிக்கு இல்ல."

எனக்கு ஆத்திரம் வந்தது. நான் சாகலாம் என்று நினைத்தவளை அடிக்கக் கை எழ வேண்டாமா? எழவில்லை. முப்பது வருஷமாகப் பொறாமை என்பது எனக்கு மட்டும் எழுதி வைத்த சொத்து என்று நினைத்திருந்தேன். இவளும் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறாள், அதுவும் முகத்துக்காக இல்லை. ஒரு நிமிஷப் பொறாமைக்கு முழங்கால் நீள முடியைக் கொடுத்திருக்கிறாள். என் முப்பது வருஷத்துக்கு நான் இதுவரை ஒரு மயிரும் கொடுத்ததில்லை. அதை நினைத்ததும் இன்னும் பொறாமையாக இருந்தது, என்ன செய்ய.

"உருவப் போடணுமாக்கா?"

"நேந்துகினது நேந்துகினதுதான். போடு."

போட்டோம். கூட்டம் நெருக்கியதில் என் கை உண்டியலுக்கு எட்டவில்லை, அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். வெளியே வந்து பனைவெல்லக் காப்பி குடித்தோம். திரும்புகிற பஸ்ஸில் மலர் தூங்கியதும் அக்கா என் காதில், "கூட்டிக்கினு போ. நானே சொல்லிடுறேன். பெத்தவ நீதானே" என்றாள். அன்று ராத்திரி எனக்குக் கருவாட்டுக் குழம்பு ஊற்றினாள். மூன்று தடவை ஊற்றிச் சாப்பிட்டேன், உறைப்பில் மூக்கு ஒழுகியதால் நான் அழுதது யாருக்கும் தெரியவில்லை.

ஐந்தாம் நாள் கிளம்பினோம். அக்கா பஸ் நிலையத்துக்கு வரவில்லை. வந்தால் விடமாட்டேன் என்று வாசலிலேயே நின்றுவிட்டாள். மாமாதான் வந்து மலருக்கு ஜன்னலோர சீட் பிடித்துக் கொடுத்தார். பஸ் நகர்ந்தபோது அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மலர் அழவில்லை. திண்டிவனத்தில் வண்டி நின்றது. "ஏதாச்சும் சாப்பிடுறியா?" என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். வண்டி மறுபடி கிளம்பி ஏரிக்கரை வந்ததும் தானாகவே பேசினாள்.

"உங்களுக்கு வியாதி எதுவும் இல்லன்னு அம்மா சொன்னாங்க."

"ஆமா கண்ணு."

"லெட்டர் வந்தன்னிக்கு அப்புறமா அம்மா ரொம்ப அழுதாங்க. அப்பாவும் அழுதாரு. நான் அழலிங்க."

"பரவால்ல."

"அழணும்னுதான் பாத்தேன். உங்க மூஞ்சி ஞாபகம் வரல. போட்டோவுல இருக்கிறதுதான் வந்துச்சு. அது சும்மா நின்னுகினே இருக்குது. அதுக்கு அழுக வரல."

ஏழு வயதிலிருந்து இந்த முகத்தை நினைத்து நான் வெந்திருக்கிறேன். யார் யாரோ சிரித்தார்கள் என்று கத்தி வைத்துக்கொண்டேன். என் மகளுக்கு என்னிடம் ஒரு முகமே இருந்ததில்லை. பச்சை இருந்ததோ போனதோ அவளுக்கு ஒன்றுதான்.

பவுடர் எல்லாம் வேர்வையில் கரைந்திருந்தது. துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. சீட்டில் அவள் பக்கமாக நன்றாகத் திரும்பி உட்கார்ந்தேன்.

"இப்பப் பாத்துக்கோ" என்றேன்.

வெட்கப்படாமல் பார்த்தாள். நெற்றியைப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள். மோவாய்த் தழும்பை ஒரு விரலால் தொட்டாள். பஸ் குலுங்கியபோதும் பார்வையை எடுக்கவில்லை. இத்தனை நேரம் யாரும் என்னை இப்படிப் பார்த்ததில்லை. அப்புறம் அவள் முகம் மலர்ந்தது.

"உங்க காது எங்க அம்மா காது மாதிரியே இருக்குது!"

எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. ஆனாலும் முடியை ஒதுக்கி, காதை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் திருப்பிக் காட்டினேன்.